நாற்பத்தோரு ஆண்களும் ஒரு மர்ஜியானாவும்

1956 பொங்கலுக்கு வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தின் பெயரிலுள்ள ஆட்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 41 ஆண்கள். பெண் ஒருத்தியும் இல்லை. ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் எழுபது, எண்பது வயதைத் தொட்ட பெண்களிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் பானுமதி பெயர்தான் முதலில் வருகிறது. எம்.ஜி.ஆர். அடுத்து வருகிறார். குகை அதற்கும் அடுத்து. என் அம்மாயி இந்தப் படத்தின் கதையைச் சொல்லும்போது அலிபாபா எப்போதும் கொஞ்சம் விவரம் போதாத நல்ல பையனாகத்தான் இருப்பான். “அந்தப் பொட்டப்புள்ள இல்லைன்னா அவனுக்கு ஏது கண்ணு உசுரு?” என்று முடிப்பார். பெயர்ப் பலகையில் இல்லாத ஒருத்தியைப் படத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தது யார், கதையா, நடிகையா, பார்த்த பெண்களா என்ற கேள்வி பிறகு எனக்கு வந்தது. மூவருமே என்றுதான் இப்போது தோன்றுகிறது.

படம் சேலத்தில் பிறந்தது. ஏற்காடு மலையடிவாரத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் அதிபர் டி.ஆர். சுந்தரமே இயக்கினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று வரலாற்றில் இடம்பெற்ற படம். கேவா கலர் என்ற சொல்லை நம் பாட்டிமார்கள் அறிந்துகொண்டது இப்படித்தான். விறகுவெட்டியாக எம்.ஜி.ஆர்., நடனக்காரி மர்ஜியானாவாக பானுமதி, திருடர் தலைவன் அபு உசேனாகச் சிரித்தே மிரட்டும் பி.எஸ். வீரப்பா, சிரிக்க வைக்க தங்கவேலு, சாரங்கபாணி. எஸ். தட்சிணாமூர்த்தியின் இசை. ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப்போன வஹீதா ரஹ்மான் அதே ஆண்டில் இந்தி ரசிகர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். நாயகன், நாயகி, வில்லன் எல்லாருக்கும் இஸ்லாமியப் பெயர்கள். இதற்காக யாரும் எந்த உபதேசமும் செய்யவில்லை. பொங்கல் கொண்டாடிய கையோடு கூட்டம் போய் அலிபாபாவுக்குக் கைதட்டிவிட்டு வந்தது. இன்றைக்கு நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நூல் வணிகக் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர் சினிமாவுக்குத் திரும்பினார். 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சென்னைக்குப் போகாமலே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்த நிறுவனத்துடையது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) இவர்களுடையதுதான். கண்டிப்புக்கும் காலம் தவறாமைக்கும் பேர் போன முதலாளி; ஒரு நூற்பாலையைப் போலவே ஸ்டுடியோவையும் நடத்தினார் என்று சொல்லலாம். நம் பகுதியின் தறிப் பணம் சினிமாவாக மாறிய கதை இது. தறிக்குப் பிறகு வருகிறேன்.

மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் ‘சதி அகல்யா’ (1937). இந்திரன் செய்த வஞ்சகத்துக்குத் தண்டனையாகக் கல்லாகிப்போன பெண்ணின் கதை. அவள் கற்பு பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்ல முனிவர் இருந்தார், விடுவிக்க அவதாரம் இருந்தது, அவளுக்கென்று செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. பத்தொன்பது ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் இன்னொரு படத்தில் கல் வேறுவிதமாக வருகிறது. இங்கே கல் என்பது குகைக்கதவு. சரியான சொல்லைச் சொன்னால் திறக்கிறது, சொல்லை மறந்தவன் உள்ளே மாட்டிக்கொள்கிறான். சாபம் இல்லை, கற்பு இல்லை, முனிவர் இல்லை. நினைவாற்றலும் சமயோசிதமும் மட்டுமே கணக்கு. இந்த மாற்றத்தை யாராவது திட்டமிட்டுச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சாகசக் கதையின் இயல்பு அப்படி.

‘அண்டா காகசம்’ என்று தொடங்கும் அந்த மந்திரத்தின் இரண்டாம் பாதி ‘திறந்திடு சீசேம்’. சீசேம் என்றால் எள். ஆடியில் விதைத்து மார்கழிக்குள் உலுக்கி எடுத்து, செக்கில் கொடுத்து ஆட்டி, தலைக்கும் விளக்குக்கும் வைத்துக்கொள்கிற அதே எள். பாக்தாத் குகையின் சாவி நம் மானாவாரிக் காட்டில் விளைவது என்று தெரிந்தபோது எனக்கு வந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கூடவே, மந்திரத்தின் நடுவில் ‘அபுவின் கட்டளை’ என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொற்களும் உண்டு. கட்டளை தலைவனுடையதுதான்; ஆனால் யார் சொன்னாலும் கதவு திறந்துவிடுகிறது. அதிகாரத்தின் மொழியை ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ‘ஆயிரத்தொரு இரவுகள்’ என்று எல்லாரும் சொல்வோம். ஆனால் அந்நூலின் பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லை. 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்து இளைஞர், பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகளுள் ஒன்று அது. கலான் அதைத் தன் நாட்குறிப்பில் சுருக்கமாக எழுதிவைத்தார். அங்கே கதைக்கு இருந்த தலைப்பு வேறு: மர்ஜியானாவின் தந்திரங்கள், அதாவது ஓர் அடிமைப் பெண்ணின் சாமர்த்தியத்தால் நாற்பது திருடர்கள் அழிந்த கதை. அலிபாபாவின் பெயர் தலைப்பில் இல்லவே இல்லை. 1717இல் நூலாக அச்சேறும்போது தலைப்பு அலிபாபாவுக்குப் போய்விட்டது. அடிமைப் பெண் என்ற குறிப்பு தலைப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்து, மொழிக்கு மொழி மாறும்போது அதுவும் உதிர்ந்தது.

கதை சொன்ன ஹன்னா தியாபின் பெயரையும் கலான் தன் நூலில் எங்கும் குறிப்பிடவில்லை. தியாப் எழுதிய பயணக் குறிப்பு வத்திக்கான் நூலகத்தில் இருந்ததை 1993இல்தான் அடையாளம் கண்டார்கள். சொன்னவர் பெயர் போயிற்று, செய்தவள் பெயரும் போயிற்று. தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. நம் தொகைநூல்களில் பாடியவர் பெயர் தொலைந்த பாட்டுகள் எத்தனை! தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களின் பெயர்களை யாரும் தொலைக்கக்கூட இல்லை, எழுதினால்தானே தொலைப்பதற்கு.

மூலக்கதையில் மர்ஜியானா என்னவெல்லாம் செய்கிறாள் என்று பாருங்கள். குகையில் துண்டாடப்பட்ட காசிமின் உடலை ஊருக்குத் தெரியாமல் அடக்கம் செய்ய வேண்டும். செருப்புத் தைக்கும் ஒருவரின் கண்ணைக் கட்டி வீட்டுக்கு அழைத்துவந்து உடலைத் தைக்கவைப்பது அவள். வீட்டுக்கதவில் திருடன் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டுப் போனதைக் கவனித்து, தெருவில் மற்றக் கதவுகளிலும் அதே குறியைப் போட்டுவைப்பது அவள். பிறகு அந்த இரவு. எண்ணெய் வியாபாரி வேடத்தில் திருடர் தலைவன் 38 சாடிகளோடு விருந்தாளியாக வந்து தங்குகிறான். ஒன்றில் மட்டும் எண்ணெய். மீதி 37இலும் ஆட்கள். அவள் சமையலறையில் விளக்கு எண்ணெயில்லாமல் அணைகிறது. கொஞ்சம் எண்ணெய் எடுக்கச் சாடியருகே போகிறாள். உள்ளிருந்து ஒரு குரல், நேரம் வந்துவிட்டதா என்று கேட்கிறது. அலறவில்லை அவள். இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு என்று தலைவன் போலவே பதில் சொல்லிவிட்டு அடுத்த சாடிக்குப் போகிறாள். அங்கும் அதே கேள்வி, அதே பதில். 37 முறை. கடைசிச் சாடியில் உள்ள எண்ணெயை மொண்டுபோய் அடுப்பேற்றிக் கொதிக்கவைக்கிறாள். மீதியை நீங்கள் அறிவீர்கள்.

கொடூரம்தான். ஆனால் அந்த 37 பதில்கள் எனக்கு உலகக் கதையிலக்கியத்தின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. விளக்கு, எண்ணெய், சாடி, அடுப்பு என அவள் கையிலிருந்தவை எல்லாம் அடுப்படிப் பொருள்கள். எது எவ்வளவு இருக்கிறது, எது தீர்ந்தது என்பது அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். வீட்டு எஜமானன் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறான். கடைசியில் கத்தியோடு ஆடி, தலைவனையும் அவளே கொல்கிறாள். அதற்குப் பரிசாக முதலில் விடுதலை கிடைக்கிறது. அதற்குப் பிறகு அலிபாபாவின் மகனோடு கல்யாணம்.

சேலத்து மர்ஜியானா அடிமையல்ல, காதலி. இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. அடிமை செய்தால் அது உழைப்பு. அதற்குக் கூலி கேட்கலாம், விடுதலை கேட்கலாம். காதலி செய்தால் அது அன்பு; அதற்கு எதுவும் கேட்க முடியாது. வந்திருக்கும் வியாபாரி யார் என்பதையும், சரக்குக்குள் ஒளிந்திருப்பவர்கள் யார் என்பதையும் படத்திலும் அவள்தான் கண்டுபிடிக்கிறாள். ஆட்டத்தை ஆயுதமாக்குவதும் அவள்தான். ஆனால் இறுதிச் சண்டை எம்.ஜி.ஆருக்குப் போய்விடுகிறது; கத்தி அவர் கைக்கு மாறுகிறது. 1956இல் எம்.ஜி.ஆர். படத்தில் வேறெப்படி நடக்கும் என்று கேட்கலாம். நியாயம்தான். இதே கதை வங்காளத்தில் 1973இல் படமானபோது அதன் பெயர் ‘மர்ஜினா அப்துல்லா’. தலைப்பில் அவள் பெயர் முதலில் வந்தது. முடியாத காரியமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

படம் எடுத்துக்கொண்டதை பானுமதி திருப்பிக் கொடுத்தார். அவர் அப்போது முப்பதைத் தொட்ட பெண். மூன்றாண்டுக்கு முன்பே, 1953இல், ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கியவர். கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டுடியோவை நடத்தியவர். தன் பாட்டைத் தானே பாடியவர். உதட்டசைவு ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது என்ற ஏற்பாட்டுக்கு அவர் உட்படவில்லை. அப்படிப்பட்டவர் சந்தைநடுவே ஆடும் நடனக்காரியாக வருகிறார். தன் அழகைத் தானே அறிவித்து, தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து தன்மானம் என்கிற பொருளில் ஒரு பாட்டும் பாடுகிறார். அந்தக் காட்சியில் அவருடைய கண்களைப் பாருங்கள். ஆடுகிற பெண்ணைக் கூட்டம் பார்க்கிறது; அவரோ கூட்டத்தை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார். தலையைக் குனிவது, விரல்நகத்தைக் கடிப்பது, புடவைத் தலைப்பைச் சுருட்டுவது போன்ற நாயகி லட்சணங்கள் எதுவும் அவரிடம் எடுபடாது. எம்.ஜி.ஆரோடு காதல் பாட்டில்கூடச் சமமாக நின்றுதான் பேசுகிறார்.

இதே ஜோடி இரண்டாண்டு கழித்து ‘நாடோடி மன்ன’னில் சேர்ந்தது. எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய படம். படப்பிடிப்பில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்து பானுமதி விலகினார். அவருடைய பாத்திரம் படத்தின் பாதியிலேயே இறந்துபோகிறது; இரண்டாம் பாதிக்கு சரோஜாதேவி வந்து சேர்கிறார். கேள்வி கேட்கும் நாயகி போய், கொஞ்சிப் பேசும் நாயகி வந்த அந்த இடைவேளையைத் தமிழ் சினிமாவின் வரலாற்று எல்லைக்கோடு என்று சொன்னால் மிகையாகலாம். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பிறகும் இருவரும் சேர்ந்து நடித்தார்கள், 1963இல் ‘கலை அரசி’யில் பானுமதி வேற்றுக் கிரகம் வரைக்கும் போய்வந்தார். ஆனால் மர்ஜியானா திரும்பவில்லை.

பார்த்த பெண்கள் பக்கத்துக்கு வருவோம். டூரிங் டாக்கீஸில் பெண்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கும், நடுவில் ஒரு தட்டியோ குட்டைச்சுவரோ. மணலைக் குவித்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். அங்கே வந்து சேர்வதற்கு அனுமதி வேண்டும். சாமி படம் என்றால் எளிதில் கிடைக்கும். அடுத்து எளிது, பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறேன் என்று சொல்லிக் கிளம்பக்கூடிய படம். ‘அலிபாபா’ அந்த வகை. மாயக்குகை, கழுதை, கத்திச்சண்டை என்றால் யார் தடுப்பார்கள்? விளையாட்டுப் படம் என்கிற பெயரே அதற்கு ஒரு அனுமதிச்சீட்டு. குடும்பப் படங்கள் அப்போது பெண்களுக்கென்றே எடுக்கப்பட்டன. அவை அவர்களை அழவைத்தன, பொறுக்கச் சொல்லின, சந்தேகப்படும் கணவனிடம் கடைசி ரீல்வரை கற்பை நிரூபிக்கச் சொல்லின. இந்த விளையாட்டுப் படத்தில் மர்ஜியானாவிடம் யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லவில்லை. வந்தவன் யார் என்று அவள் கண்டுபிடிக்கிறாளா என்பது மட்டுமே பரீட்சை. பெண்களைச் சீர்திருத்தும் எண்ணம் கொஞ்சமும் இல்லாததால்தான் இந்தப் படம் பெண்களை நிம்மதியாகச் சிரிக்கவிட்டது என்பது என் கணிப்பு.

பெண்ணிய வாசிப்பில் நாம் கனமான படங்களையே எடுத்து மேசைமேல் வைக்கிறோம். ஆய்வேடுகளைத் திருத்துகிறவள் என்ற முறையில் எனக்கு இது தெரியும். பொழுதுபோக்குப் படமென்றால் கண்டனத்துக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்குவோம். ஆனால் எங்கள் தலைமுறையிலும், கல்யாண வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டால், விடிகாலை வரை தூங்காமல் பெண்கள் பார்த்தது இந்த மாதிரிப் படங்களைத்தான்.

மர்ஜியானாவுக்கு மாடர்ன் தியேட்டர்ஸிலேயே அக்காமார் உண்டு. ‘ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி’ (1947) படத்தில் வி.என். ஜானகி நடித்த இளவரசி கேள்வி கேட்பாள். பதில் தெரியாமல் பெண் கேட்டு வந்தவன் தலை போகும். தலையை வாங்கியவள் கடைசியில் தாலியை வாங்கிக்கொள்கிறாள், அது வேறு. ‘மந்திரி குமாரி’யில் (1950) மாதுரிதேவியின் அமுதவல்லி, தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துவந்த கணவனை மும்முறை வலம்வருவதாகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். கலைஞரின் வசனம், மூலம் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களில் அது நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. நீலகேசி உரையின் வழியாகக் கிடைத்த கதைச்சுருக்கத்தில் அந்தத் தள்ளல் தப்பிப் பிழைத்தது, பிறகு ஏற்காட்டு அடிவாரத்தில் படமும் ஆயிற்று. 1957இல் ‘ஆரவல்லி’, பெண்கள் ஆளும் நாடு. அந்த நாட்டுப்புறக் கதைபோலவே ஆள்பவளை அடக்குவதுதான் கதையின் குறி என்றாலும், ஜி. வரலட்சுமி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் தோரணையை மறப்பது கடினம்.

நாமக்கல் பக்கத்துக்கும் பங்கு உண்டு. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954இல் கோவை பட்சிராஜாவில் படமானது. அங்கும் எம்.ஜி.ஆரோடு பானுமதிதான். தேசபக்திப் பாட்டுகளுக்காகப் போற்றப்படும் கவிஞர் இப்படி ஒரு முகமூடிக் கள்ளன் கதையையும் எழுதினார் என்பதைப் பாடத்திட்டம் சற்றே வெட்கத்தோடுதான் சொல்கிறது. எனக்கு அந்த வெட்கம் இல்லை.

தறிக்கு வருவதாகச் சொன்னேன். நெசவாளி என்றால் நம் கண்ணில் வருவது தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஆண். அவர் நாடாவில் போடும் தாரைச் சுற்றித் தருவது வீட்டுப் பெண்கள். விடியலில் பாவு ஓடும்போது இழை பிடிப்பதும், அறுந்ததைப் பிணைப்பதும் அவர்கள்தான். கூலி முழம் கணக்கில், நெய்தவர் பெயருக்கு வரும். தார் சுற்றியதற்குத் தனிக்கூலி எங்கள் வீட்டில் யாரும் வாங்கியதில்லை. அம்மாயி ராட்டையைச் சுற்றிக்கொண்டேதான் அலிபாபா கதையைச் சொல்வார். சாடி சாடியாக மர்ஜியானா போகும் இடம் அவர் பார்த்த படத்திலிருந்து வந்ததல்ல, எங்கேயோ யாரோ சொல்லக் கேட்டது. அந்த இடம் வந்ததும் கை நிற்காது, குரல் மட்டும் தாழும். அவருக்கு அலிபாபா மேல் ஏன் அப்படி ஒரு இளக்காரம் என்பது எனக்கு நூற்றுக்கணக்கான தார்க்குச்சிகளைப் பார்த்து வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

சுந்தரம் 1963இல் காலமானார். வாரிசுகள் சில காலம் நடத்தினார்கள், துப்பறியும் படங்கள் எடுத்தார்கள், பிறகு படத்தயாரிப்பு நின்றது. ஏற்காடு போகும் சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பாக்தாத் இருந்த இடத்தில் இப்போது வீடுகள்.

போன பருவத்தில் முதுகலை வகுப்பில் இந்தப் படத்தைப் போட்டுக்காட்டி, கலான் நாட்குறிப்பின் தலைப்பைப் பற்றியும் சொல்லிவிட்டு, படத்துக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். பெரும்பாலும் ‘வீரப்பெண் மர்ஜியானா’ வகைதான். வீரத்தை விட மனமில்லை யாருக்கும். ராசிபுரத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு மாணவி மட்டும் ‘மர்ஜியானாவும் 38 சாடிகளும்’ என்று எழுதியிருந்தாள். திருடர்கள் 37தானே என்று பக்கத்திலிருந்தவள் கேட்டாள். “எண்ணெய்ச் சாடியையும் சேர்த்துத்தான். அது இல்லாம என்ன பண்ணியிருப்பா?” என்றாள் இவள்.